ஒத்தி வீட்டைக் காலி செய்யும்போது: சாவி முன்னா, பணம் முன்னா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர் தனியார் மருத்துவமனையில் செவிலியர். கணவர் மஸ்கட்டில் வேலை. பத்தாம் வகுப்பில் மகள், ஏழாம் வகுப்பில் மகன், கூடவே 76 வயது மாமியார். நாலரை வருடத்துக்கு முன் 5 லட்சம் ரூபாய் கொடுத்து இப்போதைய வீட்டை ஒத்திக்கு எடுத்தார்கள் (மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது கொடுத்த பணத்தை அப்படியே திரும்ப வாங்கும் ஏற்பாடு). 3 லட்சம் கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து போனது, 2 லட்சம் நகை விற்று ரொக்கமாகக் கொடுத்தது. 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வீட்டுக்காரரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பதிவு செய்யவில்லை. மூன்று வருடக் கெடு முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. வாய்வார்த்தையில் அப்படியே தொடர்கிறார்கள்.

ஜூலை 1 முதல் வாசகிக்கு நாகர்கோவிலில் புதிய வேலை. வடசேரி பக்கம் ஒரு மாடி வீடு பார்த்து 10 ஆயிரம் டோக்கன் கொடுத்துவிட்டார். மாத வாடகை 10 ஆயிரம், அட்வான்ஸ் 50 ஆயிரம். ஆடி பிறக்கும் முன் போய்விட வேண்டும் என்று ஆனி 25-க்கு டெம்போ பேசியாயிற்று. இந்த நேரத்தில்தான் ஒத்தி வீட்டுக்காரர், “நீங்க சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. ஆடியில யாரும் ஒத்திக்கு வர மாட்டாங்க. வெள்ளையடிச்சுப் போட்டு, ஆவணியில ஆள் வந்ததும் பணத்தைத் தாறேன்” என்கிறார். வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். “அந்த அண்ணன் நல்லவர்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது. என் பத்திரம் செல்லாது என்கிறார்கள். வீடு மாறுவதா வேண்டாமா? மாறுவதென்றால் எந்த வரிசையில் என்ன செய்வது?” இதுதான் அவருடைய கேள்வி.

சகோதரி, கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பட்டியலைப் படித்தேன். அட்டைப்பெட்டி எத்தனை, எந்தப் பெட்டியில் எந்தப் பாத்திரம் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டில் யாருக்கும் இந்த ஒழுங்கு கிடையாது. ஆனால் அதில் முதல் வரியே “சாவி ஒப்படைப்பு – ஆனி 25” என்று இருக்கிறது. அந்த வரியை அங்கிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியாகப் போடுங்கள். அதற்கு முந்தைய வரியில் “5 லட்சம் கணக்கில் வந்துவிட்டது” என்று இருக்கட்டும். மற்ற வரிகளை உங்கள் வசதிப்படி முன்பின் மாற்றிக்கொள்ளலாம்.

ஒத்தியில் உங்கள் கையிலிருக்கும் பிடி அந்த வீட்டில் நீங்கள் இருப்பதுதான். வீட்டுக்காரரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நம் ஊரில் ஒத்திப் பணம் பெரும்பாலும் வாங்கியவர் கையில் இருப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கோ, கட்டட வேலைக்கோ அன்றைக்கே போயிருக்கும். அடுத்த ஒத்திக்காரர் கொடுக்கும் பணத்தில்தான் பழையவருக்குத் திருப்பித் தருவார்கள். அடுத்த ஆள் வரத் தாமதமானால், அல்லது 4 லட்சத்துக்குத்தான் ஆள் கிடைத்தால், நல்லவரும் கையை விரிக்க வேண்டியதுதான்.

பத்திரம் செல்லாதா?

பாதி சரி. நம் ஒத்தியைச் சட்டம் அனுபவ அடமானம் (கொடுத்த பணத்துக்கு ஈடாகச் சொத்தை அனுபவிப்பது) என்ற வகையில் வைக்கிறது. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படியான அடமானத்தைச் சாட்சிகளோடு எழுதிப் பதிவும் செய்ய வேண்டும் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. 100 ரூபாய் என்பது 1882-இல் போட்ட கணக்கு, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஆகவே பதிவாகாத உங்கள் தாளைக் காட்டி “இந்த வீட்டின் மேல் எனக்கு அடமான உரிமை உண்டு” என்று நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

ஆனால் அடமானம் செல்லாது என்பதால் நீங்கள் கொடுத்த பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட முடியும். அந்தத் தாளைப் பணம் கைமாறியதற்கான துணைச் சான்றாக வைக்கலாம். முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால் நீதிமன்றம் அதையும் தண்டத்தையும் கட்டச் சொல்லும். தண்டம் பத்து மடங்கு வரை போகலாம். அதனால் அந்தத் தாளை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கணவரின் கணக்கிலிருந்து 3 லட்சம் போனதற்கான வங்கிப் பட்டியலை இந்த வாரமே முத்திரையோடு வாங்கி வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்த 2 லட்சத்துக்கு நகைக்கடை ரசீது இருந்தால் அதையும் தேடி எடுங்கள். “ஆவணியில் தாறேன்” என்று அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய குரல் பதிவை அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தால் அதையும் இந்த விஷயம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயம், கெடு முடிந்துவிட்டதால் பணம் போய்விடுமோ என்பது. கெடு முடிந்த மறுநாளே பணம் போய்விடாது. பதிவான அடமானத்துக்கு நீண்ட காலம் உண்டு. உங்களுடையது பதிவாகாதது என்பதால், வெறும் கடனுக்குரிய மூன்று வருடக் கணக்கில் வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் ஒன்றரை வருடம் பாக்கி இருக்கிறது. அதற்குள் அவர் “இவ்வளவு தர வேண்டியிருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக எண்ணப்படும்.

ஆக, டெம்போக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு எழுத்துத்தான். இப்படி எழுதினால் போதும்: “இந்த வீட்டுக்கு ஒத்தியாக நான் பெற்ற 5 லட்சம் ரூபாயில் இன்றுவரை எதுவும் திருப்பித் தரவில்லை. அதை இன்ன தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்துவேன். பணம் வந்த அன்று அவர்கள் வீட்டை ஒப்படைப்பார்கள்.” தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சி. சண்டை மாதிரி கேட்க வேண்டாம். “பிள்ளைகளுக்க அப்பா கணக்குக் கேட்கிறார் அண்ணா, அவருக்கு அனுப்பணும்” என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவரால் இப்படியும் ஒரு உபயோகம் உண்டு. முகம் கோணாமல் கையெழுத்துப் போடுகிறாரா, இழுத்தடிக்கிறாரா என்பதிலேயே அவர் மனசு ஓரளவு தெரிந்துவிடும்.

வீட்டை விற்றுவிட்டால்?

சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் பதிவாகாத ஒத்தி வராது. வாங்குகிறவர் அதை எடுத்துப் பார்த்து, வில்லங்கம் எதுவும் இல்லை என்று வாங்கிக்கொண்டு போகலாம். அதன்பிறகு நீங்கள் பழைய வீட்டுக்காரரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆனால் வீட்டில் ஆள் குடியிருக்கும்போது வாங்குகிறவர் “எனக்கு எதுவும் தெரியாது” என்று எளிதில் சொல்லிவிட முடியாது. குடியிருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரம் பலவீனம் என்பதால் இது முழுக் கவசம் ஆகாது. ஆனாலும், விற்கும் நேரத்தில் உங்கள் கணக்கை முடிக்காமல் அவரால் வீட்டைக் காலியாகக் காட்ட முடியாது அல்லவா? சாவியைக் கொடுத்த அன்று இந்தப் பலமும் போய்விடும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வங்கிக் கடன் ஏதும் அந்த வீட்டின் மேல் இருக்கிறதா, விற்பனை ஒப்பந்தம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வலுக்கட்டாயமாக வெளியேற்றுவார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் சம்மதமும் இல்லாமல், சட்ட வழியும் இல்லாமல் வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப நுழையக் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்காகப் பணம் வந்தபிறகும் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

சரி, எப்படி மாறுவது?

கணவர் சொன்ன யோசனை, ஒரு பீரோவை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது. தவறில்லை, ஆனால் போதாது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பூட்டை உடைத்து, “விட்டுட்டுப் போய்ட்டாங்க” என்று சொல்வது எளிது. விளக்கு எரிய வேண்டும், கரண்டு மீட்டர் ஓட வேண்டும், பக்கத்து வீட்டார் உங்களைப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி, ஆனியில் முழுவதுமாக மாறாமல் இருப்பது. ஆனியில் நல்ல நாள் பார்த்து வடசேரி வீட்டில் பால் காய்ச்சிவிடுங்கள். ஒரு பாயும் குடமும் அடுப்பும் அங்கே இருக்கட்டும். மாமியாரின் ஆடி மாதக் கவலை அதோடு தீர்ந்தது. சாமான் ஆவணியில் போகட்டும். இடையிலுள்ள ஆறேழு வாரம் மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வழியாக வேலைக்குப் போய்வாருங்கள். சுமார் 30 கிலோமீட்டர். பேருந்துக்குப் பஞ்சமில்லை, அலுப்புத்தான். இரவுப் பணி வரும் நாட்களில் புதிய வீட்டில் தங்கிக்கொள்ளலாம். ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாத வாடகை கொடுப்பதா என்பீர்கள். 20 ஆயிரம் போகும், உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பது 5 லட்சம். வாடகையை ஆவணியிலிருந்து தொடங்கலாமா என்று புதிய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆடி மாதம் அவருக்கும் வேறு ஆள் வரப்போவதில்லை.

வேலை நேரம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் இரண்டு லோடாகப் பிரியுங்கள். முதல் லோடில் அன்றாடம் வேண்டியவை மட்டும். கட்டில், பீரோ, கிரைண்டர், அம்மி, மரச்சாமான் எல்லாம் பழைய வீட்டில். சனி, ஞாயிறு குடும்பமே அங்கே போய்த் தங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள். வயதான மாமியாரையும் மகளையும் மட்டும் அங்கே விட்டு வைக்கும் யோசனையைக் கடிதத்தில் நீங்களே எழுதி நீங்களே அடித்திருந்தீர்கள். அடித்தது சரிதான்.

மகள் பத்தாம் வகுப்பு என்பதால் இந்த ஒரு வருடம் பள்ளியை மாற்றாமல் இருப்பது நல்லது என்று தோன்றுகிறது. ஆவணிக்குப் பிறகு அவள் எதிர்த்திசையில் பேருந்து ஏற வேண்டிவரும், கஷ்டம்தான். அங்கே உறவினர் வீடு ஏதும் இருந்தால் தேர்வு மாதங்களுக்கு உதவும். மகன் விஷயம் எளிது. எட்டாம் வகுப்பு வரை, அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவதற்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டால் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். அது தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பணம் கைமாறும் நாள்

சிறந்த ஏற்பாடு மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்காருவது. ஆவணியில் வரும் புதிய ஒத்திக்காரர், வீட்டுக்காரர், நீங்கள். புதியவர் கொடுக்கும் பணம் வீட்டுக்காரர் சம்மதத்தோடு நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். பெரிய தொகையை வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும் ஆர்டிஜிஎஸ் இப்போது எல்லா நாளும், எல்லா நேரமும் வேலை செய்கிறது. வீடு விற்பனை ஆகிறதென்றாலும் இதே முறைதான். வாங்குகிறவர் உங்களுக்கு 5 லட்சத்தை அனுப்பி, விலையில் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாக வாங்க வேண்டாம். 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடன், டெபாசிட் தொகையை ரொக்கமாகத் திருப்புவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. அது அவருக்கு வரும் சிக்கல் என்றாலும், ரொக்கத்துக்குச் சாட்சி தேடும் தொல்லை உங்களுக்கு இரண்டாம் முறை வேண்டாம்.

அவர் பின்னால் வரும் ஒரு தேதி போட்ட காசோலை தருகிறேன் என்றால், வெறும் வாய்ச்சொல்லைவிட மேல். ஆனால் அதை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட வேண்டாம். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தால், தகவல் தெரிந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். இதில் ஒரு தேதியைத் தவறவிட்டாலும் சிக்கல்.

போலீசில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்லி உறவினர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். கடனைத் திருப்பித் தரத் தாமதிப்பது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். காவல் நிலையம் போனால் அந்த அண்ணனோடு மிச்சமிருக்கும் பேச்சுவார்த்தையும் நின்றுபோகும். மாறாக, வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி, மக்கள் நீதிமன்றத்தில் முடித்து வைக்க வழி இருக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கே எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவானாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வாடகைச் சட்டப்படி அமைந்த வாடகை அதிகாரியிடம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாத வாடகை இல்லாத ஒத்திக்கு அந்த வாசல் சரிவராது. பேச்சில் தீராவிட்டால் சிவில் நீதிமன்றம்தான்.

புதிய வீட்டில்

ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டது குற்றம் என்று எழுதியிருந்தீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் “வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்” என்ற வாலும் அதில் இருக்கிறது. நீங்கள் ஐந்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேச முடியாது. பேசுவதென்றால் இப்போதே பேசுங்கள். 11 மாதத்துக்கு எழுதினால் எந்தப் பதிவும் வேண்டாம் என்பதும் பழைய கதை. இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். இணையம் வழியாகச் செய்யலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெயின்ட் செலவு யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். பிடித்தம் செய்யும்போது பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். டோக்கன் பணத்துக்கு ரசீது இல்லையென்றால் அதை ஒப்பந்தத்திலேயே கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சட்டம் சாராத ஒரு கேள்வி: தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? நாகர்கோவில் பல காலம் முக்கடல் அணையை நம்பியிருந்த ஊர். கிணற்றில் இறைத்துக் குளித்துப் பழகிய மாமியாருக்கு, மாடி வீட்டில் முதலில் உறுத்தப்போவது அதுதான்.

முகவரி மாற்றங்களில் அவசரம் வேண்டாம். ரேஷன் கார்டும் கேஸ் இணைப்பும் பழைய முகவரியில் இருப்பது, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. பணம் வந்தபிறகு மாற்றலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ஸ்கூட்டர் டிஎன் 75, அதாவது மார்த்தாண்டம் பதிவு, என்று எழுதியிருந்தீர்கள். முழுவதுமாகக் குடிமாறிய 30 நாளுக்குள் புதிய முகவரியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

டெம்போ விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கு ஏற்ற எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக முன்னமே பேசிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் நம் பக்கம் மழை எந்த நேரம் கொட்டும் என்று சொல்ல முடியாது, தார்ப்பாய் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்திரம், வங்கிப் பட்டியல், நகை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் டெம்போவில் ஏறக் கூடாது. ஒரு பையில் உங்கள் மடியில் வரட்டும்.

மாமியார் நட்ட முப்பது ஏத்தன் வாழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். ஓணத்துக்குக் குலை வெட்டலாம், அதை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறார். நியாயமான கேள்வி. ஒத்தி எழுத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால், வீட்டுக்காரரிடம் வாங்கும் எழுத்திலேயே “வாழைக்குலைகளை அவர்களே வெட்டி எடுத்துக்கொள்வார்கள்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆவணிவரை அங்கே போய்வர அதுவும் ஒரு காரணமாகிறது.

பணம் கணக்கில் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தபிறகு, கரண்டு மீட்டரையும் அறை அறையாகச் சுவரையும் படம் எடுங்கள். அப்புறம் வீட்டை ஒப்படைத்ததாக இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று எண்ணிக்கையையும் எழுதுங்கள். பின்வாசல் சாவியும் மோட்டார் கொட்டகைச் சாவியும் அந்தக் கணக்கில் இருக்கட்டும்.